எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு

“...அதனால, நான் இதக் கையில வாங்குதேனா, வாங்காம விடுதேனான்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதியக்கா. வாங்குனா அவிய செத்துப்போனத நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. வாங்கலன்னா ஒங்க மனசு நொறுங்கிப் போவும். ரெண்டுல எதக் கேட்டு வந்து நிக்கிய?”

என் தங்கை ஞானம் இப்படிக் கேட்டது பக்கத்து அறை எஸ்தர் அக்காவிடம். எஸ்தர் அக்காவின் கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும். கிறிஸ்துமஸ் வர இன்னும் இரண்டு நாள். இடம் பம்பாய், தாராவி. தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் உள்ள ஒரு வரிசை வீடு. நான் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தட்டுப் பலகாரத்துக்கு இத்தனை பேச்சா என்று வெளியாட்கள் கேட்கலாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் சுட்ட முதல் ஈட்டை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பும். துட்டி வீட்டிலிருந்து பதிலுக்கு ஒன்றும் வைக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. தட்டு வாசலுக்கு வந்தாலே போதும்.

ஞானத்தின் புருஷன் தேவசகாயம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அந்த ஏப்ரலில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துப் பாதித் துறைமுகம் எரிந்ததே, அன்று காலை தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. சட்டை, செருப்பு, தூக்குச் சட்டி, எதுவும் கிடைக்கவில்லை. ஊரில் மாமனார் வீட்டார் ஆவணியிலேயே அவருக்கு நினைவு ஆராதனை நடத்தி முடித்துவிட்டார்கள். ஞானம் அதற்கு வரவில்லை. அவளைக் கிறிஸ்துமஸுக்குள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யுத்த காலத்து ரயில். பட்டாளத்தார் உட்கார்ந்தது போக மிஞ்சிய இடத்தில் நாங்கள் நின்றோம். எனக்கு ஊரில் சோடாக் கடை. நாலு பேர் பேச்சைக் கேட்டே வளர்ந்த ஆள். அதனால் நெரிசல் எனக்குத் தண்டனை இல்லை. ஒரு தெலுங்குக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கி எழுந்து, “உன் எலும்பு நல்ல எலும்பு, குத்தவே இல்லை” என்று அவர் பாஷையில் சொன்னதாகப் பக்கத்திலிருந்தவர் தமிழ்ப்படுத்தினார். இந்த மாதிரி வார்த்தைகளுக்காகவே நான் இன்னொரு தடவை நின்றுகொண்டு பயணம் போவேன். ஆனால் போகிற காரியம் நினைவுக்கு வரும்போதெல்லாம் சிரிப்பு நின்றுவிடும்.

தாராவிக்கு வழி கேட்க வேண்டாம். மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். பச்சைத் தோல், சுண்ணாம்பு, உப்பு, ஓடை. முதல் நாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். “ரெண்டு நாளு பொறுங்கண்ணே. பெறவு ஊருக்குப் போனாத்தான் ஒங்களுக்கு மூக்குல என்னமோ கொறையும்” என்றாள் ஞானம். கிட்டங்கியில் தோலிலிருந்து உப்பைத் தட்டிவிடும் வேலைக்கு அவள் போகிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

சாப்பாட்டுக்குச் சோள ரொட்டி போட்டாள். பக்கத்தில் புளி விட்ட கருவாட்டுக் குழம்பு. குழம்பு நம் ஊர், ரொட்டி அந்த ஊர். இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. பம்பாயில் எல்லாம் ரேஷன். அரிசி கொஞ்சமும் கோதுமையும் சோளமும் நிறையவும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், சோறு எங்கே என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் ரொட்டிதான். அதற்கு மறுநாளும்.

வந்த காரியத்தை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

“ஊருக்கு வரமாட்டேண்ணே” என்றாள். சண்டை பிடிக்கிற குரல் இல்லை. கடையில் சரக்கு இல்லை என்று சொல்கிற குரல். “இந்தக் கோலியப் பூட்டிட்டு நான் போயி, மக்காநாளு அவிய வந்து பூட்டப் பாத்தா என்ன செய்வாவ?”

கோலி என்றால் அங்கே ஒற்றை அறை. அவளுடைய கோலி, இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும்.

“எட்டு மாசமாச்சேம்மா.”

“எட்டு மாசந்தானே ஆச்சு” என்றாள்.

மறுநாள் மாட்டுங்காவுக்கு நடந்தேன். எங்கள் ஊர்ப் போஸ்ட் மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். அவருடைய மைத்துனர் துறைமுகத்து ஆபீஸில் குமாஸ்தா. போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார். தாராவியிலிருந்து மாட்டுங்கா நடக்கிற தூரம்தான். ஆனால் நடுவில் எங்கேயோ ஒரு தேசம் முடிந்து இன்னொரு தேசம் ஆரம்பிக்கிறது. வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைப்பூவுமாக ஒரு கடைத்தெரு. ஒரு மாமி காய்க்காரனை இந்தியில் வைது, தன் மகளிடம் தமிழில் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்: “நல்லவன்தான், நன்னா திட்டு வாங்கிப்பான்.”

குமாஸ்தா என்னைக் காப்பி ஓட்டலில் சந்தித்தார். காப்பி கொண்டுவந்த பையன் டம்ளரை வைத்துவிட்டு, “சர்க்கரை ரேஷன் சார். இனிப்பு வேணும்னா பேச்சில போட்டுக்கோங்கோ” என்றான். சிரித்துக்கொண்டே வாயில் வைத்தேன். நல்ல காப்பி. ஊரில் வெல்லக் காப்பிதான் எங்களுக்கு. இதைக் குடித்துவிட்டு நான் கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்றிருந்தது.

அவரே ஆரம்பித்தார். “நான் விசாரிச்சுட்டேன் ஓய். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை, சொல்றதுக்கும் ஒண்ணுமில்லை. மாசச் சம்பளக்காரான்னா பேர் இருக்கும். உங்க மனுஷன் தினக்கூலி. அன்னன்னிக்கு மேஸ்திரி கூப்பிட்ட ஆள். யார் வந்தா, யார் வரலைங்கறது அந்த மேஸ்திரி மனசில இருந்தது. அந்த மேஸ்திரியும் போயிட்டான். பேரே இல்லாதவனை எப்படி ஓய் செத்துப்போனவன்னு எழுதறது?”

“அப்ப உயிரோட இருக்கலாமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லைன்னு சொல்ற அதிகாரமும் எனக்கில்லை. செம்பூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில வெந்துபோன ஆள் ஒருத்தன் கிடக்கானாம். எப்பவாவது பேசினா தமிழ்தானாம். யாரும் தேடி வரலையாம். பார்த்துட்டு வாரும். ஆனா உம்ம தங்கைக்கிட்ட இப்பவே சொல்லாதேயும்.”

நான் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

ஞானம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். “நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள்.

“நீ வரலியா? நீதானேட்டி பாக்கணும்?”

“நான் வந்து பாத்து, அவிய இல்லன்னா, நான் எத வச்சுக்கிட்டுத் திரும்பி வர? நீங்க போனா, ஒருவேளை அண்ணன் சரியாப் பாத்திருக்க மாட்டாவன்னாவது நெனச்சுக்கிடுவேன்.”

செம்பூருக்குப் போக சயானில் ரயிலேறிக் குர்லாவில் மாற வேண்டும். ஏறுவது சுலபம், பின்னால் நிற்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். குர்லா வந்தது. நான் அசைவதற்குள் போயும்விட்டது. ஒரு மராத்திக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, வண்டியே சிரித்தது. ஒரு தமிழ்ப் பையன் எனக்கு அர்த்தம் சொன்னான்: “இறங்கணும்னா முந்தின ஸ்டேஷன்லயே இறங்க ஆரம்பிக்கணுமாம்.” காட்கோபரில் தள்ளப்பட்டு விழுந்து, எதிர் வண்டி பிடித்துக் குர்லாவுக்குத் திரும்பினேன். போகிற வழியெல்லாம் ஜெபம் பண்ணினேன். எப்படிப் பண்ணுவது என்றே தெரியவில்லை. வெந்துகிடக்கிற அந்த ஆள் எங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்பதா? அப்படிக் கிடக்கிறவரைக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுப்பதற்கா?

செம்பூரில் ஸ்டேஷனை விட்டால் வயலும் சேறும் பனைமரமும்தான். பனையைப் பார்த்ததும் யாரோ உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி நீளமான ஓட்டுக் கட்டடம். கோவாக்கார நர்ஸ் ஒருத்தி இந்தியில் பேசினாள். எனக்குப் புரிந்தவரையில், “உங்க ஆளா? உங்க ஆளா இருக்கட்டும். இவனுக்கு இதுவரைக்கும் கதவைத் திறந்து யாரும் வந்ததில்லை” என்றாள்.

வாசற்படியிலிருந்தே தெரிந்துவிட்டது. தேவசகாயம் நெடு ஆள். நிலைப்படியில் குனிந்து வருவார். இந்த மனிதர் கட்டிலில் பாதிகூட நிறையவில்லை. ஒரு பக்கத்து முகமும் காதும் உருகியிருந்தன. கண் இரண்டிலும் பார்வை இல்லை. திரும்பிப் போயிருக்கலாம். கட்டில்வரை போய்விட்டேன்.

“எந்த ஊருய்யா?” என்றேன்.

தமிழ்க் குரல் கேட்டதும் அந்தக் கை எழுந்து காற்றைத் துழாவியது. என் சட்டைக் கை அதில் அகப்பட்டது. “வந்துட்டியாலே?” என்றார்.

யாருக்காகக் காத்திருந்தாரோ. தம்பியோ, மகனோ, கூடவேலை பார்த்தவனோ. நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டேன்” என்றேன்.

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். தூங்கும்வரை என் சட்டையை விடவில்லை. திரும்பி வரும்போது பனைமரங்களைப் பார்க்கவில்லை. ஆண்டவரே, உம்முடைய காரியங்களில் ஒரு ஒழுங்கு உண்டு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், அது எங்கே என்று ஒரு தடவை காட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் வந்தவர் கொஞ்சம் தள்ளி நடந்தார்.

வீட்டு வாசலில் ஞானம் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, “இல்ல, என்ன?” என்றாள்.

“இல்லம்மா.”

எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சட்டையைப் பிடித்த இடத்தில், “பெறவு?” என்றாள். தூங்கிவிட்டார் என்றேன். “ம்” என்று சொல்லி, வேலைக்குக் கட்டியிருந்த பழஞ்சேலையை மாற்றப் போனாள். அழவில்லை. ஏப்ரலிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை என்று எஸ்தர் அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். “அழுதா பாரம் எறங்கிரும் அண்ணாச்சி. அவ எறக்க மாட்டேங்கா.”

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தின் கடைசி ஞாயிறு. விடியும் முன்னே பஜனைக்காரர்கள் வந்தார்கள். ஊரில் போலவே மத்தளம், ஜால்ரா, தலையில் துண்டு. இங்கே தெருவுக்குப் பதிலாகச் சந்து. வீட்டுக்கு வீடு நின்று, அந்தந்த வீட்டார் கதவைத் திறக்கும்வரை பாடுவார்கள். ஞானம் எழுந்து முகம் கழுவி, கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். பாட்டு எஸ்தர் அக்கா வாசலுக்கு வந்தது. பிறகு நின்றது. மத்தளமும் நின்றது. காலடிச் சத்தம் மட்டும் எங்கள் கதவைத் தாண்டிப் போயிற்று. அடுத்த வாசலில் மறுபடி மத்தளம் ஆரம்பித்தது.

மரியாதைதான் அது. துட்டி வீட்டைச் சத்தமில்லாமல் கடப்பது மரியாதை. ஞானம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

“எல்லாரும் சேந்து பொதச்சிட்டாவ” என்றாள்.

கோவில் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகை. சாக்கு விரிப்பு. உபதேசியார், வாரத்தில் ஆறு நாள் கிட்டங்கியில் தோல் எண்ணுகிற இளவட்டம். அன்றைக்கு இரட்சகரின் வருகையைப் பற்றிப் பேசினார். கூட்டம் கலைந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஞானம் என் பின்னால் நின்றாள்.

“உபதேசியாரே, எல்லாரும் ஆண்டவர் சித்தம், ஆண்டவர் சித்தம்னு சொல்லுதாவ. இவ வீட்டுல நடந்ததுல என்ன சித்தம்?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்றார் உடனே. “தெரியும்னு சொன்னா நான் பொய்யன். ஏப்ரல்ல இருந்து எத்தன வீட்டுல போயி உக்காந்தாச்சு. சித்தம்னு சொல்லுதவிய யாரும் தன் வீட்டுல நடந்ததுக்கு அதச் சொல்லுறதில்ல.” கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடினார். “ஒண்ணு மட்டும் நெனச்சுக்கிடுவேன். அவரு மொதல்ல வந்தப்பவும் சனம் காத்துக்கிட்டுத்தான் கெடந்துச்சு. ராசாவா வருவாரு, பட்டாளத்தோட வருவாருன்னு. மாட்டுக் கொட்டில்ல, பேறுகாலத்துக்கு இடமில்லாத பொம்பளைகிட்ட வந்தாரு. காத்திருந்தது வீணாப் போகல. ஆனா காத்திருந்த மாதிரியும் வரல.”

“அப்ப நான் யாருக்குக் காத்துக்கிட்டிருக்கேன் உபதேசியாரே?” என்று ஞானம் கேட்டாள்.

அவர் குனிந்தார். சாக்கை மடிக்கத் தொடங்கினார். ஞானமும் குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் தட்டு வந்தது.

காலையிலிருந்தே வரிசை முழுக்க எண்ணெய் வாசம். தோல் நாற்றத்தையும் மீறி வந்தது. கிடைத்த ரேஷனில் மிச்சம் பிடித்து மாவாக்கி, பக்கத்து வீட்டாரிடம் எண்ணெய் கேட்டு வாங்கி, எப்படியோ சுட்டுவிடுகிறார்கள். எங்கள் கோலியில் மட்டும் அடுப்பு அணைந்திருந்தது. எஸ்தர் அக்கா முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும், ஞானம் எழுந்து போனாள். முந்தானையை அவளே விலக்கிப் பார்த்தாள். அப்போது சொன்னதைத்தான் தொடக்கத்தில் எழுதினேன்.

“நான் ஒண்ணும் நெனச்சுக் கொண்டாரலட்டி” என்றாள் எஸ்தர் அக்கா. வாய் கோணிக்கொண்டது. “பிள்ளைகளுக்குச் சுட்டேன். ஒனக்கும்...”

“மொத ஈடுக்கா இது. ஓரம் செவக்கல பாருங்க. நெனக்காம யாரும் மொத ஈட்டக் கொண்டார மாட்டாவ.”

“தப்புத்தான். நான் கொண்டுபோயிருதேன். அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க, நான் கெட்டத நெனச்சு...” எஸ்தர் அக்கா அழுதுவிட்டாள். தட்டை மறுபடி மூடப் போனாள்.

ஞானம் தட்டைப் பிடித்தாள். ஒரு கையால் இல்லை, இரண்டு கையாலும். வாங்கிக்கொண்டு வந்து பாயில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஓர் அச்சுமுறுக்கை எடுத்து ஒடித்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கவும் அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷக் குரல் என்று நான் முதலில் நினைக்கவில்லை. எஸ்தர் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வரிசையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எண்ணெய்ச் சட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டு மாதத்து அழுகை. யாரும் சித்தம் என்று சொல்லவில்லை.

அழுகை ஓய்ந்தது. ஞானம் முகத்தைத் துடைத்தாள். எழுந்து பரணுக்கு எட்டி, ஒரு மண்ணெண்ணெய் டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். அரிசி. விளிம்புவரை அரிசி.

“அவிய வந்தா சோறுதான் கேப்பாவ, ரொட்டி எறங்காது அவியளுக்கு” என்றாள் என்னைப் பார்த்து. ரேஷனில் கிடைத்த அரிசியை ஏப்ரலிலிருந்து அவள் வாயில் வைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுளகை எடுத்தாள். பலகாரத்துக்குத்தான் என்று எஸ்தர் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “ஏட்டி, இந்த வருசம் இந்த வீட்டுல சட்டி ஏறக் கூடாதுட்டி” என்றாள் மெதுவாக.

“தெரியும்க்கா. அவிய வரமாட்டாவ. தெரியும்” என்றாள் ஞானம். “ஆனா ஆண்டவரு வாரது நிக்கலியே.”

சுளகில் அரிசியைக் கொட்டிப் புடைத்தாள். வண்டு விழுந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் விட்டாள். இரண்டு தண்ணீர் கழுவினாள். பிறகு பானையில் போட்டு, அரிசி முங்கும்படி தண்ணீர் விட்டு, மாவுக்கு நனைய வைத்தாள்.